முதுகில் நாற்பத்தேழு

அத்தியாயம் பதினொன்று

ஜோசிக்கு வயிற்றுப்போக்கு என்று டார்லா தன் நாத்தனாருக்குச் செய்தி தட்டிக்கொண்டிருந்தபோது, ஜோசி எதிரே உட்கார்ந்து நாலாவது பான்கேக்கை மடித்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள்.

'ராத்திரி முழுக்கப் போச்சு. துவண்டு கிடக்கா. சர்ச்சுக்கும் வரல, நாலு மணிப் பயிற்சிக்கும் வரமாட்டா.' கடைசியில் ஓர் அழுகிற முகத்தையும் ஒட்டி அனுப்பினாள்.

அரை நிமிடத்தில் பதில் வந்தது. 'அச்சச்சோ! தண்ணி விடாம குடுத்துக்கிட்டே இரு. மத்தத நான் பாத்துக்கறேன்.'

"அத்தை என்ன சொல்றாங்க?" என்றாள் ஜோசி.

"சீக்கிரம் சரியாகட்டும்னு சொல்றா. போதும் தின்னது. மத்தியானம் ஓடணும் இல்ல?"

"வயித்துப்போக்குல எப்படிம்மா ஓடறது?"

டார்லாவுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீரில் போட்டாள்.

போன வாரம்வரை கதை இதுதான். டார்லாவின் கணவன் ராய்ஸின் அக்கா கோனி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். நாலு வருஷத்துக்கு முன்னால் ஹார்ட்லி ஊரில் பெண் பிள்ளைகளுக்கு, பேஸ்பால் மாதிரி ஆடுகிற சாப்ட்பால் அணியே இல்லாதபோது, பதினோரு வீட்டுக் கதவைத் தட்டிப் பதினோரு பெண்களைச் சேர்த்து 'ஹார்னெட்ஸ்' என்று பேர் வைத்தவள். பந்து எறிவது ஜோசி. எறிகிற பந்தைப் பிடிக்கிற கேட்சர் கோனியின் மகள் ஹேட்டி. இரண்டு பேருக்கும் பன்னிரண்டு வயது, ஒரே வகுப்பு.

ஜூலைக் கடைசியில் நடந்த போட்டியில், அரையிறுதியில், ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரும் எழுந்து நின்ற நேரத்தில் ஹேட்டியின் கையிலிருந்து பந்து நழுவியது. ஒரே ஒரு ரன்னில் தோற்றார்கள். அன்றைக்கே டார்லா முடிவு பண்ணிவிட்டாள். இந்த மாநிலம் முழுக்க ஊர் ஊராகப் போய் ஆடுகிற, கல்லூரிக்காரர்கள் வேலியோரம் வந்து நின்று பார்க்கிற 'ஸ்கார்லெட் அரோஸ்' அணிக்கு ஜோசியின் வீடியோவை அனுப்பினாள். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிக்குத் தேர்வுக்கு வரச் சொல்லிப் பதில் வந்தது.

"போறதுன்னா போங்க" என்று ராய்ஸ் சொல்லியிருந்தான். "ஆனா எங்க அக்காகிட்ட நீதான் சொல்லணும். நான் மாட்டேன்."

"எடுத்தாத்தானே சொல்றதுக்கு? எடுக்கலேன்னா எதுக்கு வீணா மனசக் கஷ்டப்படுத்தணும்?"

யார் மனசை என்று ராய்ஸ் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

* * *

தேர்வு நடக்கிற டல்சா நகரத்துக்குப் போகிற சாலையில் காற்றே இல்லை. நூறு டிகிரி வெயில். குளிர்சாதனத்தை முழுதாகத் திருப்பியும் கண்ணாடி சுட்டது.

ஜோசி முன்னிருக்கைக்கு மேலே மடித்திருந்த முகம் பார்க்கும் கண்ணாடியை இறக்கித் தன் பின்னலைப் பார்த்தாள். "கோணலா இருக்கும்மா."

"அழகா இருக்கு."

"அத்தை பின்னினா மூணு நாளைக்கு அசையாது. இது இப்பவே அவுருது."

போட்டி என்றால் ஜோசிக்குத் தலை பின்னுவது கோனிதான். தன் பிக்கப் லாரியின் பின்பலகையை இறக்கி, அதில் ஜோசியையும் ஹேட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்து, வாயில் ரப்பர் வளையத்தைக் கடித்துக்கொண்டு பின்னுவாள். டார்லா தன் மகளுக்குத் தலை பின்னி நாலு வருஷமாகியிருந்தது. காலையில் அது கைக்குத் தெரிந்தது.

"அம்மா, அத்தைகிட்ட சொல்லவே மாட்டியா?"

"நான் சொல்லிக்கறேன்னு சொன்னேன்ல?"

"எப்ப?"

"ஜோசி, நீ பந்தைப் பத்தி மட்டும் யோசி. செவ்வாக்கிழமை செவ்வாக்கிழமை போடுவியே, அது மாதிரி போடு."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் சர்ச்சின் வண்டி நிறுத்துமிடத்தில், கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து ஜோசியின் பந்துகளைப் பிடிப்பது கோனி. டார்லா கூடப் போவாள். போனைப் பார்த்துக்கொண்டு காரிலேயே இருப்பாள். தரையில் குத்தி எழும்புகிற பந்துகள் பட்டுப் பட்டு, கோனியின் முழங்காலுக்குக் கீழே ஆட்டக்காலம் முழுக்க நீலமாக இருக்கும். அந்தக் காலோடுதான் அவள் மறுநாள் காலையில் பேருந்து ஏறுவாள்.

* * *

மைதானத்தில் அவ்வளவு கூட்டம் இருக்கும் என்று டார்லா எதிர்பார்க்கவில்லை. நிழற்கூடாரங்கள், மடக்கு நாற்காலிகள், ஐஸ் பெட்டிகள், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்புகிற அப்பாக்கள். பக்கத்து மாநிலமான டெக்சாஸின் எண் பலகை போட்ட கார்கள்கூட இருந்தன.

மேசையில் பேரைப் பதிந்துகொண்ட பெண், நாலு ஊக்குகளும் ஒரு சதுரக் காகிதமும் கொடுத்தாள். நாற்பத்தேழு. டார்லா அதை ஜோசியின் முதுகில் குத்திவிட்டாள். ஆகஸ்ட் மாதத்தில் எந்தப் பெண்ணின் முதுகிலாவது இப்படி ஓர் எண்ணைப் பார்த்தால் எங்கள் பக்கத்தில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். இருக்கிற அணியை விட்டுப் போகப் பார்க்கிறாள் என்று அர்த்தம்.

"மொத்தம் எத்தனை பேர்?" என்று டார்லா கேட்டாள்.

"அறுபத்து மூணு. இடம் ரெண்டு."

அரோஸ் அணியின் கோச் வின்ஸ்டெட் அறுபதை நெருங்குகிற அம்மாள். வெயிலில் காய்ந்து சிவந்த கழுத்து, வெள்ளைத் தொப்பி. கூச்சல் கிடையாது. ஒலிபெருக்கி கிடையாது. பெற்றோர்கள் பக்கம் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். "வாயத் திறக்காதீங்க. கை தட்டக்கூட வேணாம்."

ஜோசியின் முறை வந்தது. கேட்சராக உட்கார்ந்தவள் அரோஸ் அணியின் பெண். தோள் அகலமானவள், அசையாமல் உட்கார்ந்தாள். ஜோசி காலை ஊன்றி, கையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி, இடுப்புக்குக் கீழிருந்து விட்டாள்.

டார்லா வேலிக்கு ஓரடி கிட்டே போனாள்.

இந்த வேகத்தை அவள் பார்த்ததில்லை. பந்து கையுறையில் போய் விழுந்த சத்தம் பலகை உடைந்தது மாதிரி இருந்தது. வேகமானியைப் பிடித்திருந்தவன் தாளைக் கோச்சிடம் காட்டினான். அடுத்தது கேட்சருக்கு முன்னால் சட்டென்று தணிந்து விழுந்தது. அதையும் அந்தக் கேட்சர் மண்ணோடு அள்ளினாள்.

பார்த்தியா, என்று டார்லா மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். நல்ல கேட்சர் இருந்தா என் பொண்ணு எப்படிப் போடறா, பார்த்தியா. நான் சொன்னது சரிதானே. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தப் பொய்கூட அந்த நிமிடத்தில் லேசாகிப் போனது.

இருபது பந்துக்குப் பிறகு கோச் வின்ஸ்டெட் ஜோசியைக் கூப்பிட்டு ஏதோ கேட்டாள். ஜோசி தரையைப் பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கோச் தொப்பியைத் தூக்கி, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, வேலிப்பக்கம் திரும்பினாள்.

"நாப்பத்தேழோட அம்மா யாரு?"

* * *

சாமான் வண்டியின் நிழலில் ஒரு பெஞ்சு போட்டிருந்தது. கோச் வின்ஸ்டெட் உட்காரச் சொன்னாள்.

"உங்க பொண்ணு நல்லாப் போடறா. யாரு சொல்லிக் குடுத்தது?"

"எங்க... எங்க டீம் கோச்."

"வேலை தெரிஞ்சவங்க. பந்தை விட்ட பிறகு கை நிக்கிற இடத்தப் பாத்தாலே தெரியுது." மடியிலிருந்த போனை எடுத்தாள். "நீங்க அனுப்பின வீடியோவ என் ஆளுங்க பாத்தாங்க. நான் பாக்கல. நான் கேட்டேன்."

டார்லாவுக்குப் புரியவில்லை. "கேட்டீங்களா?"

"காதால. எல்லா வீடியோவையும் அப்படித்தான். பொண்ணு எறியறத இங்க நேர்ல பாத்துக்கலாம். அப்பா அம்மாவத்தான் நேர்ல பாக்க முடியாது. தேர்வு அன்னிக்கு எல்லாரும் சர்ச்சுல உக்காந்த மாதிரி உக்காந்திருப்பாங்க. சில பேர் சத்தத்து மேல பாட்டுப் போட்டு மூடி அனுப்புவாங்க. அவங்கள நான் கூப்பிடறதே இல்ல. நீங்க மூடல. அதனாலதான் கூப்பிட்டேன்."

பல் டாக்டர் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, மதிய உணவு இடைவேளையில், நோயாளிகளுக்குத் தொந்தரவு வேண்டாம் என்று சத்தத்தை முழுக்க அணைத்துவிட்டு அந்த வீடியோவை வெட்டி ஒட்டியது டார்லாவுக்கு ஞாபகம் வந்தது. ஒருதடவைகூடச் சத்தம் வைத்துக் கேட்டதில்லை.

கோச் போனைத் தட்டினாள்.

முதலில் வந்தது கூட்டத்தின் இரைச்சல். பிறகு ஒரு பெண்ணின் குரல், கூட்டத்தை மீறிக்கொண்டு, சிரிப்பும் எரிச்சலுமாக. டார்லாவுக்கு அது யாரென்று ஒரு கணம் தெரியவில்லை.

"அடடடா! கையா அது, சல்லடையா?"

"ஜோசி, நீ போடும்மா. நீ பாட்டுக்குப் போடு. பிடிக்கிறவ பிடிச்சா பிடிக்கட்டும்!"

"கோச் பொண்ணா இல்லேன்னா இவள எவ கேட்சரா உக்கார வைப்பா? பெஞ்சத் தொடைக்கத்தான் விட்டிருப்பா."

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு அந்தக் குரல் இன்னும் ஏறியது.

"போய் யாராச்சும் அவளுக்குக் கண்ணு திறந்திருக்கான்னு பாருங்களேன்! எட்டுப் பேரையும் என் பொண்ணு முதுகுல தூக்கிக்கிட்டுத் திரியறா."

டார்லாவின் காதும் கழுத்தும் சூடாகின. பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "விளையாட்டு மும்முரத்துல... எல்லாரும்தான் ஏதாவது..."

"இருங்க. நான் கூப்பிட்டது அதுக்கில்ல." கோச் வீடியோவைப் பின்னால் தள்ளி, சத்தத்தைக் கடைசிவரை ஏற்றி, போனை டார்லாவின் காதருகே கொண்டுவந்தாள். "இப்பக் கேளுங்க. அந்தச் சல்லடைக்கு அப்புறம்."

பந்து வேலியில் மோதிய சத்தம். சல்லடையா. அப்புறம், போனுக்கு வெகு அருகில், கேட்சரின் முகக்கவசத்துக்குள்ளிருந்து, மெதுவாக:

"சாரி, மாமி."

எறிகிறவளைப் படம் எடுக்க வேண்டுமென்றால் பிடிக்கிறவளுக்குப் பின்னால்தான் போனை வைக்க வேண்டும். வேலியில் கொக்கி போட்டு மாட்டியிருந்தாள். ஹேட்டியின் முதுகுக்கும் அந்தப் போனுக்கும் நாலு எட்டு இருக்கும். போனுக்குப் பின்னால், நாற்காலியில் சாய்ந்து, டார்லா.

இத்தனை வருஷமாக அந்தப் பிள்ளையின் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் பேசியிருக்கிறாள். முதுகுக்கு மேலே காது இருக்கிறது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

"நாலு நிமிஷ வீடியோவுல மூணு தடவை சொல்றா" என்றாள் கோச். "மாமிங்கறாளே, உங்களுக்கு என்ன வேணும்?"

"என் வீட்டுக்காரரோட அக்கா பொண்ணு."

"அந்த அக்காதான் கோச்சா?"

டார்லா தலையை ஆட்டினாள்.

கோச் வின்ஸ்டெட் போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். திட்டியிருந்தால் டார்லாவுக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

"இன்னொண்ணு கேக்கணும். வீடியோவுல அவ பந்து நாப்பத்தொம்பது மைலைத் தாண்டல. இன்னிக்கு ஐம்பத்தஞ்சு. ரெண்டு வாரத்துல ஆறு மைல் யாருக்கும் ஏறாது. ஏன்னு கேட்டேன். 'இன்னிக்குப் பிடிக்கிறது ஹேட்டி இல்ல'ன்னா. அதுக்கு மேல சொல்ல மாட்டேங்கறா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியல."

"தெரிஞ்சுக்கங்க." எழுந்தாள். "உங்க பொண்ண நான் எடுத்துக்கறேன். ரெண்டு நிபந்தனை. உங்க நாத்தனார் இத உங்க வாயால கேக்கணும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள. அதுக்கப்புறம் நானே போன் பண்ணுவேன், எப்பவும் பண்ணுவேன். பொண்ண வளத்துக் குடுத்த கோச்சுக்கு நன்றி சொல்லணும் இல்லையா?"

"ரெண்டாவது?"

கோச் கையை நீட்டி இடதுகோடியைக் காட்டினாள். ஆட்டக்களத்துக்கு வெகு தூரத்தில், கடைசி வேலிக்கம்பத்துக்குப் பக்கத்தில், வெயிலில் ஒரே ஒரு மடக்கு நாற்காலி கிடந்தது. அதில் நல்ல உடுப்புப் போட்ட ஒரு ஆள் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"உங்கள மாதிரி வாய் அடங்காத ஒரு அப்பா. உங்க நாற்காலி அவர் பக்கத்துல. ஒரு வருஷத்துக்கு."

* * *

கார்க் கதவைத் திறக்கும்போதே போன் அடித்தது. ராய்ஸ்.

"டார்லா, ஜோசிக்கு என்ன?" கிசுகிசுவென்று பேசினான். குளியலறையிலிருந்து பேசுகிறான் என்று எதிரொலி சொன்னது.

"என்ன என்ன?"

"எங்க அக்கா வந்திருக்கா. ஹேட்டியும் வந்திருக்கா. கையில உப்பு பிஸ்கட்டு, எலுமிச்சை சோடா, கோழி சூப்பு. 'பொண்ணு எப்படி இருக்கா'ங்கறா. நான் நல்லாத்தானே இருக்கான்னுட்டேன்!"

டார்லா கண்ணை மூடிக்கொண்டாள். "அப்புறம்?"

"அப்புறம் அவ மூஞ்சியப் பாத்துட்டு, இல்ல, டாக்டர்கிட்டப் போயிருக்காங்கன்னேன். 'ஞாயித்துக்கிழமை எந்த டாக்டரு?'ங்கறா. எனக்கு என்ன தெரியும்? பல் டாக்டர்னு சொல்லிட்டேன்."

"வயித்துப்போக்குக்குப் பல் டாக்டரா?"

"நீ கேஸ் லாரி ஓட்டறவனக் கட்டிக்கிட்டே, டார்லா. வக்கீலக் கட்டிக்கல. என்ன பொய்னு எனக்கு முன்கூட்டியே சொல்லித் தொலைக்க வேணாமா?"

"இப்ப என்ன பண்றா?"

"சூப்பச் சுட வைக்கிறா. நீங்க வர்ற வரைக்கும் இருப்பாளாம். பயிற்சிய ரத்து பண்ணிட்டா."

* * *

திரும்பி வருகிற வழியில் இருபது மைல் போயிருந்தார்கள்.

"எடுத்துட்டாங்களாம்மா?" என்று கடைசியில் ஜோசி கேட்டாள்.

"எடுத்துட்டாங்க."

ஜோசி குதிக்கவில்லை. கையுறையை மடியில் வைத்து அதன் நரம்பை விரலால் நிரடிக்கொண்டிருந்தாள்.

"ஜோசி, நம்ம டீம்ல ஆடும்போது நீ மெதுவாப் போடறியா?"

ஜோசி கையுறை நரம்பை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"வேணும்னே மெதுவாப் போடறியா?"

"முழு வேகத்துல போட்டா ஹேட்டிக்கு நாலுல ஒண்ணு நழுவும்."

"அதனாலதான் நான் வேற டீம்..."

"நழுவினா என்னம்மா? அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. ஹேட்டி ஓடிப்போய் எடுத்துட்டு வந்துருவா. அவளுக்கும் பழகப் பழகச் சரியாயிடும். செவ்வாக்கிழமை அத்தை நடுவுல எந்திரிச்சு வாளிய அவகிட்டதான் குடுப்பாங்க, முழு வேகத்துல போடுன்னு சொல்லுவாங்க. நீ பாத்ததில்ல. நீ காருக்குள்ள இருப்பே." ஜோசி சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "நழுவினா நீ பேசுவே. அதான்."

டார்லா ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கையைப் பார்த்தாள்.

"முதல்ல எல்லாம் அவ எனக்குக் கையால ஜாடை காட்டுவா. வேகமாப் போடு, நான் பிடிக்கிறேன்னு. போன வருஷத்துலருந்து காட்டறதில்ல. முகமூடிய இறக்கிக்கிட்டு, மெதுவாங்கற மாதிரி உள்ளங்கையத் தாழ்த்துவா. நீ வராத ஆட்டத்துல மட்டும் மறுபடியும் காட்டுவா."

"என்கிட்ட நீ ஏன் சொல்லல?"

"சொன்னேன். மே மாசம். 'அம்மா, கொஞ்சம் மெதுவாப் பேசு'ன்னேன். 'உன் நல்லதுக்குத்தான் பேசறேன்'னே."

சொல்லியிருப்பாள். டார்லாவுக்கு அந்த மே மாதம் ஞாபகமில்லை. அந்த வாக்கியம் மட்டும் தன்னுடையதுதான் என்று தெரிந்தது.

"அரோஸுக்குப் போகணும்னு உனக்கு ஆசை இருக்கா? நிஜத்தச் சொல்லு."

ஜோசி கையுறையை இருக்கையில் வைத்தாள். "இருக்கு. இன்னிக்குக் கை எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? ஆனா இப்படித் திருடின மாதிரிப் போக வேணாம்."

ஹார்ட்லி தண்ணீர்த் தொட்டி தூரத்தில் தெரிந்தது. "அந்த நம்பரக் கழட்டிடு" என்றாள் டார்லா.

"முதுகுல இருக்கு. எனக்கு எட்டாது."

"வீட்டுக்கு முன்னாடி நிறுத்திக் கழட்டறேன்."

* * *

நிறுத்த முடியவில்லை. தெருமுனை திரும்பும்போதே ஹேட்டி பார்த்துவிட்டாள்.

கார் கொட்டகைக்கு எதிரே, பந்து வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை பந்து பட்டுக் கன்றிய தழும்பு. சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை. கோனியின் லாரி வாசலில் நின்றது. சமையலறை சன்னலில் கோனியின் தலை தெரிந்தது. அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ கொஞ்சம் உள்ளயே இரு" என்று மகளிடம் சொல்லிவிட்டு டார்லா இறங்கினாள்.

ஹேட்டி எழுந்து நின்றாள். "ஜோசிக்கு இப்ப எப்படி இருக்கு, மாமி?"

என்ன கேள்வி. டார்லா அவளுக்கு முன்னால் போய் நின்றாள்.  இந்தப் பிள்ளையின் முகத்தை ஆட்ட நாளில் ஒருதடவைகூட எதிரே நின்று பார்த்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. மூக்கின் மேலே முகக்கவசம் அழுத்தின தழும்பு இருந்தது.

"ஹேட்டி, நான் ஒரு வீடியோ கேட்டேன். அதுல நான் பேசினது இருக்கு. நீ சாரி சொன்னதும் இருக்கு."

ஹேட்டியின் முகம் சட்டென்று சிவந்தது. தப்புப் பண்ணிப் பிடிபட்டவள் அவள்தான் என்பதுபோல.

"நான் உனக்குத்தான் சாரி சொல்லணும். உங்க அம்மாகிட்டயும் இப்பப் போய்ச் சொல்லப்போறேன்."

"வேணாம், மாமி!" டார்லாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். கை ஐஸ் மாதிரி இருந்தது. "அம்மாவுக்கு எதுவும் தெரியாது. அம்மா அந்தப் பக்க பெஞ்சுல இருப்பாங்க, கேக்காது. கேட்டாங்கன்னா உங்ககூட எப்பவும் பேசமாட்டாங்க. அம்மா அப்படித்தான், உங்களுக்கே தெரியும். அப்புறம் ஜோசி எங்க வீட்டுக்கு வரவே முடியாது. ப்ளீஸ், மாமி. நான் நல்லாப் பிடிக்கக் கத்துக்கறேன்."

டார்லா அந்தக் கையைத் தன் இன்னொரு கையால் மூடிக்கொண்டாள். 

கார்க் கதவு திறந்தது. ஜோசியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. ஓடிவந்து ஹேட்டியைக் கட்டிக்கொண்டாள்.  அப்படியே நின்றார்கள், ஹேட்டி கொட்டகையைப் பார்த்து, ஜோசியின் முதுகு வீட்டைப் பார்த்து.

அந்த நேரம்தான் கோனி வாசற்கதவை இடுப்பால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். ஒரு கையில் சோடா டம்ளர். இன்னொரு கையில் தட்டு நிறைய உப்பு பிஸ்கட்.

"வந்துட்டியா, தங்கம்! அத்தை உனக்கு..."

நின்றுவிட்டாள்.

கோணல் பின்னலைப் பார்த்தாள். செம்மண் படிந்த காலணியைப் பார்த்தாள். முதுகில் நாலு ஊக்கில் நின்ற சதுரக் காகிதத்தைப் பார்த்தாள். ராய்ஸ் அவளுக்குப் பின்னால் வந்து, எண்ணைப் பார்த்து, ஓசைப்படாமல் மறுபடியும் உள்ளே போய்விட்டான்.

டம்ளரில் ஐஸ்கட்டி நகரும் சத்தம்கூடக் கேட்டது.

கோனி படியிறங்கி வந்தாள். டம்ளரை ஜோசியின் கையில் கொடுத்தாள். தட்டைக் கார் மேல் வைத்தாள். குனிந்து, ஊக்குகளை ஒவ்வொன்றாக, பிள்ளைக்குக் குத்திவிடாமல் பார்த்துக் கழற்றினாள். காகிதத்தை மடிக்கவில்லை. கையில் பிடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எத்தனை பேர் வந்திருந்தாங்க, டார்லா?"

"அறுபத்து மூணு."

காலையிலிருந்து கோனியிடம் அவள் சொன்ன முதல் உண்மை அதுதான்.

"எடுத்தாங்களா?"

"எடுத்தாங்க."

"ம்." கோனி நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் கண்ணின் ஓரத்தில், அடக்க முடியாமல், ஒரு பெருமையும் இருந்தது. டார்லாவால் தாங்க முடியாமல் போனது அந்தப் பெருமைதான். "எடுக்காம எப்படி இருப்பாங்க? என் பொண்ணு மாதிரி சொல்லிக் குடுத்தேன். போறது தப்பில்ல, டார்லா. பெரிய டீம். நான் தடுத்திருப்பேனா? என்கிட்ட ஏன் பொய் சொன்னே? நான் உனக்கு என்ன பண்ணினேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல, கோனி."

"அப்ப எதுக்கு? எங்க டீம்ல அவளுக்கு என்ன குறை? யார் என்ன குறை வச்சாங்க?" அந்த எண்ணை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். "உள்ள வா. உக்காரு. ஒண்ணு விடாம சொல்லு. இன்னிக்கு உண்மை தெரியாம நான் இந்த வீட்ட விட்டுப் போகமாட்டேன்."

கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

டார்லா படியில் கால் வைத்தாள். பின்னால் திரும்பிப் பார்த்தாள். வாளிக்குப் பக்கத்தில் ஹேட்டி நின்றிருந்தாள். வலது கையைத் தொடையோடு ஒட்டி, அம்மாவுக்குத் தெரியாமல், உள்ளங்கையைத் தரையைப் பார்க்கத் தாழ்த்திக் காட்டினாள்.

மெதுவா.